கோதண்டபாணி வண்டியிலிருந்து இறங்கவில்லை

பிரம்மதேசம் ஏரிக்கரையில் கோதண்டபாணியின் மொபெட் அன்று மூன்றாவது முறையாக நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் முதல், மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தவர்கள் வரை எல்லோரும் ஓடிவந்து சுற்றி நின்றுகொண்டார்கள். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் என்பதால் ஆளுக்கு ஒரு யோசனை வைத்திருந்தார்கள்.

ஒருவர் பிளக்கைத் துடைக்கச் சொன்னார். இன்னொருவர் வண்டியைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டு எடுக்கச் சொன்னார். பெட்ரோல் இருக்கிறதா என்று ஒருவர் சந்தேகப்பட்டார். கோதண்டபாணி டேங்க் மூடியைத் திறந்து, இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு மூடினார். ஒரு உதை உதைத்தார். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"நாலு பேரப் பாத்ததும் வெக்கப்பட்டுக்கினு ஓடுது," என்றார் மூட்டைக்காரர்.

கூட்டம் கண்ணுக்கு மறைந்த அடுத்த வளைவில் வண்டியின் வெட்கம் தெளிந்து, மறுபடி நின்றது.

பின்னாலேயே குட்டியானை வண்டியில் கத்தரிக்காய் மூட்டைகளோடு வந்துகொண்டிருந்த கண்ணையன் இறங்கினான். கண்ணையன் வேறு யாரும் இல்லை, கோதண்டபாணியின் மனைவி வீரம்மாளின் தம்பி. குந்தி உட்கார்ந்து இஞ்சினை முகர்ந்து பார்த்தான்.

"கார்புரேட்டர்ல பிசின் கட்டிக்கினு இருக்கும் மாமா. மழைக்காலம் முச்சூடும் சும்மா நிறுத்தி வெச்சிருந்தீங்களே, பழைய பெட்ரோலு வெல்லப்பாகு மாதிரி காய்ஞ்சி ஒட்டிக்கும். திண்டிவனத்துல தேவா பட்டறையில வுட்டா..."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டான். தேவா என்ற பெயரைக் கோதண்டபாணியின் காது கேட்க யாரும் சொல்வதில்லை.

தேவா அவருடைய மருமகன். ஒரே மகள் சித்ராவுக்கு விழுப்புரத்தில் அரசாங்க உத்தியோகத்து மாப்பிள்ளையைப் பேசி முடித்து, கல்யாண மண்டபத்தையும் பார்த்துவிட்டு அவர் வீடு திரும்பிய வாரத்தில், அவள் திண்டிவனம் ரிஜிஸ்டர் ஆபீசில் மெக்கானிக் தேவாவுக்கு மாலை போட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே கோதண்டபாணி அம்மன் கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, அவங்க வீட்டு மண்ணில் என் கால் படாது, அவன் கால் என் வீட்டு மண்ணில் படக் கூடாது என்று சத்தியம் செய்தார். கையில் கொப்புளம் கிளம்பியது. கொப்புளம் ஆறுவதற்கு முன்னாலேயே கோபம் ஆறிவிட்டது. ஆனால் சூடம் அணைத்ததை ஊரே பார்த்துவிட்டதே.

வீரம்மாள் சூடம் ஏதும் அணைக்கவில்லை. அதனால் வாராவாரம் பஸ் ஏறி மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். போன வருஷம் பேத்தி பிறந்த பிறகு வாரத்தில் இரண்டு முறைகூடப் போனாள். வந்ததும் அங்கே நடந்ததை எல்லாம் புருஷனிடம் சொல்லமாட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே மாட்டிடம் சொல்வாள்.

"குப்புற வுழுந்துடுச்சிடி. எந்திரிக்கத் தெரியாம நீச்சலடிச்சிக்கினு கெடக்குது." இன்னொரு நாள், "பல்லு வந்துடுச்சி. என் வெரல கடிக்குது." தை மாதத்தில் ஒரு நாள் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். "இடது காது மட்டும் மடங்கிக்கினு இருக்குது. யாரு காதுன்னு கேக்கறியா? நானும் பாத்தேன், இன்னா பண்றது, இந்த வீட்டுக் காதுதான்."

மாடு தண்ணீரைக் குடித்தது. தினசரித் தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கோதண்டபாணி இடது கையை மெதுவாகத் தூக்கி, மடங்கியிருந்த தன் இடது காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்தத் தை மாதத்திலிருந்துதான் அவருக்குப் பக்தியும் வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் மொபெட்டைத் துடைத்து, ஹெட்லைட்டுக்கு ஒன்று, நம்பர் பலகைக்கு ஒன்று, டேங்க் மூடிக்கு ஒன்று என்று சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் இட்டு, வண்டியை ஒரு சுற்றும் சுற்றிக் கும்பிட்டார். ஆயுத பூஜைக்குக்கூட வண்டியைக் கழுவாத மனுஷன் இப்படி மாறியதில் வீரம்மாளுக்கு ரொம்ப சந்தோஷம். கெட்டதும் கூடவே வந்தது. அதே மாதத்தில்தான் வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. மூன்று வருஷமாகப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பங்கில் தண்ணீர் கலக்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம் வந்து, அங்கே பெட்ரோல் போடும் நடராசனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வேறு பங்குக்கு மாறினார். அப்போதும் நின்றது.

ஏரிக்கரையிலிருந்து குட்டியானையில் கத்தரிக்காயோடு கத்தரிக்காயாக வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்ததும், கார்புரேட்டரைத் தானே கழற்றிச் சுத்தம் செய்யப்போவதாக அறிவித்தார்.

"அதானே, கிணத்துல மண்ணெண்ண இஞ்சின் போட்டிருந்தப்ப ஊருக்கே வைத்தியம் பாத்த ஆளு நீங்க," என்றான் கண்ணையன்.

"அது பெரிய இஞ்சின், தடவுனா கைக்குத் தெரியும். இது கண்ணுக்கே தெரியல," என்றார் கோதண்டபாணி, பெருமூச்சோடு.

வாசலில் சாக்கை விரித்து, கார்புரேட்டரைக் கழற்றி வைத்தார். எலுமிச்சம்பழம் அளவு சாமான். அடியில் இருந்த சின்னக் கிண்ணத்தைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் பிசுக்கு ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு பித்தளைக் குமிழ். அதன் பெயர் ஜெட். அதில் தலைமுடி நுழைகிற அளவு ஓட்டை. பெட்ரோல் அந்த வழியாகத்தான் இஞ்சினுக்குப் போக வேண்டும்.

கண்ணையன் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவச் சொன்னான். கோதண்டபாணிக்குப் பித்தளை என்றால் புளிதான். வீரம்மாள் குத்துவிளக்கைப் புளி போட்டுத்தானே தேய்க்கிறாள்? ரசச் சட்டியில் புளியைக் கரைத்து, கார்புரேட்டரை முழுசாக உள்ளே போட்டு அடுப்பில் ஏற்றினார். ஒரு கொதி வந்ததும் தெரு முழுக்க ஒரு வாசனை பரவியது. எதிர்வீட்டு அஞ்சம்மாள் எட்டிப் பார்த்து, இன்னா கொழம்பு என்று விசாரித்துவிட்டுப் போனாள். ஜெட் பளபளவென்று வந்தது. மற்றது எல்லாம் கரிச்சட்டி மாதிரி கறுத்துப்போய் வந்தது. ரசச் சட்டி அதற்கப்புறம் ரசத்துக்கு ஆகவில்லை.

பூட்டி உதைத்தார். இருமக்கூட இல்லை. புளிச்சக்கை ஓட்டையில் அடைத்துக்கொண்டிருக்கும் என்று, தென்னந்துடைப்பத்தில் ஒரு ஈர்க்குச்சியை உருவி உள்ளே விட்டார். குச்சி உள்ளேயே முறிந்தது.

அதை எடுப்பதற்கு ஊசி வேண்டியிருந்தது. வீரம்மாள் தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கேட்டார்.

"கழுத்துல கெடக்கறதையும் வுட்டு வெக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். ஆனாலும் கழற்றிக் கொடுத்தாள்.

ஊக்கை வைத்துக் குடைந்ததில் ஈர்க்குச்சி வந்தது. ஓட்டையும் வந்தது. தலைமுடி போன இடத்தில் இப்போது துடைப்பக்குச்சியே தாராளமாகப் போய் வந்தது. கிண்ணத்துக்கும் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங் என்ற மெல்லிய வளையத்தைக் காய்வதற்காகத் திண்ணை ஓரத்தில் வைத்திருந்தார். அதை ஆடு தின்றுவிட்டது. அந்த ஆடு அதற்குப் பிறகு பஸ் சத்தம் கேட்டாலே எழுந்து ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தது என்பார்கள். பேக்கிங்குக்குப் பதிலாகப் பழைய காலண்டர் அட்டையில் வட்டமாக ஒன்று வெட்டி வைத்தார். அதில் பாதி ராகுகாலம் தெரிந்தது.

இந்த முறை உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. ஆனால் தெருவுக்குத்தான் பிடிக்கவில்லை. கறுப்புப் புகை கிளம்பி, அஞ்சம்மாள் அப்போதுதான் உலர்த்தியிருந்த வெள்ளை வேட்டியை மடித்து வைக்க முடியாதபடி பண்ணிவிட்டு, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியது. பிறகு பெட்ரோலையெல்லாம் கிண்ணத்தின் வழியாகத் தரையில் கொட்டிவிட்டு, வண்டி ஒரேயடியாக ஓய்ந்தது.

கோதண்டபாணி சாக்கில் உட்கார்ந்து சிதறிக் கிடந்த சாமான்களைப் பார்த்தார். ஊரில் வேறு மெக்கானிக் கிடையாது. திண்டிவனம் ஷோரூமில் விசாரித்ததில், இந்தப் பழைய மாடலைத் தொட ஆள் இல்லை என்று கண்ணையன் செய்தி கொண்டுவந்தான்.

"அப்ப யாருகிட்டத்தான் காட்றது?" என்று கோதண்டபாணி பொதுவாகக் கேட்டார்.

வீரம்மாள் மாட்டுப் பக்கம் திரும்பினாள். "கார்புரேட்டருக்குன்னே செஞ்சியிலேர்ந்துகூட அவன்கிட்டத்தான் வர்றாங்க. இவங்க சத்தியம் பண்ணது இவங்க காலுக்குத்தானே. வண்டிக்கா பண்ணாங்க?"

கோதண்டபாணி நீண்ட நேரம் யோசிப்பவர் போல இருந்தார். கடைசியில், ஊர் சொல்வதால் சம்மதிப்பதாகச் சொன்னார்.

மறுநாள் குட்டியானையில் மொபெட்டை நிற்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கோதண்டபாணி முன்பக்கத்தில் உட்கார மறுத்து, பின்னால் ஏறி மொபெட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, இரண்டு கையும் ஹேண்டில்பாரில். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சிலர் ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பட்டறைக்கு மேலே பலகையில் 'சித்ரா ஆட்டோ ஒர்க்ஸ்' என்று எழுதியிருந்தது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு, ஒரே மண். மொபெட்டை இறக்குவதற்குக் கண்ணையன் குட்டியானையின் பின்பக்கம் ஒரு மரப்பலகையைச் சாய்த்து வைத்தான். தேவா ஓடிவந்து ஒருபக்கம் பிடித்தான்.

"எறங்கிக்கிங்க சார், உருட்டிடலாம்," என்றான் தேவா. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எறங்க மாட்டேன். இப்பிடியே உருட்டு, மெக்கானிக்கு," என்றார் அவர். அவருக்கும் தெரியவில்லை.

அப்படியே உருட்டினார்கள். பட்டறை நடுவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். கோதண்டபாணி இரண்டு காலையும் மிதிபலகையில் தூக்கி வைத்துக்கொண்டு, மண்ணில் கட்டைவிரல்கூடப் படாமல் வீற்றிருந்தார். தேவா அவர் காலுக்கு நடுவே குனிந்து கார்புரேட்டரைக் கழற்றினான். கறுத்துப் போயிருந்த அதை ஆட்டிப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான்.

"ரச வாசன வருது சார்."

"உனக்குப் பசிக்குதோ இன்னாவோ," என்றார் கோதண்டபாணி.

தேவா காலண்டர் அட்டையை எடுத்து ராகுகாலத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஒரு பக்கம் வைத்தான். கிண்ணத்தைப் பெட்ரோலில் கழுவினான். மருந்து பீய்ச்சி ஊறவைத்து, கம்ப்ரஸர் காற்றை ஒவ்வொரு துவாரத்திலும் அடித்தான். புது ஜெட் போட்டான், புது பேக்கிங் போட்டான். டேங்கைத் தொடாமல், மேலே கொக்கியில் ஒரு பாட்டிலில் பெட்ரோலைக் கட்டித் தொங்கவிட்டு ட்யூப் வழியாக இறக்கி ஓட்டிப் பார்த்தான். இஞ்சின் தேனீ மாதிரி பாடியது. துணியை எடுத்து வண்டி முழுக்கத் துடைத்தபோது மட்டும் கோதண்டபாணி அவன் கையைத் தடுத்தார்.

"சந்தனத்துல துணி வெக்காத. சாமிக்கு வெச்சது."

தேவா சந்தனத்தைச் சுற்றித் துடைத்தான்.

உள்ளேயிருந்து சித்ரா டீ கொண்டுவந்தாள். இரண்டு வருஷமாக அப்பாவுக்கு டீ கொடுக்காத கை. கோதண்டபாணி அவளைப் பார்க்காமல் வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, ஹெட்லைட்டைப் பார்த்து, "சக்கர சரியா இருக்குது," என்றார். ஹெட்லைட் ஒன்றும் சொல்லவில்லை. சித்ரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், திரும்பி வரும்போது இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

"வேல முடியற வரைக்கும் புள்ள வண்டியில உக்காரலாம்," என்றார் அவர், மறுபடியும் ஹெட்லைட்டிடம். "வண்டி மண்ணுல சேராது."

குழந்தையை அவருக்கு முன்னால் உட்காரவைத்தாள். அது ஹாரனை அழுத்தியது. இன்னொரு முறை அழுத்தியது. பிறகு திரும்பி, இவ்வளவு நேரமும் தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள் யார் என்று பார்த்தது. மடங்கிய அவர் காதை எட்டிப் பிடித்தது. தன் காதையும் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, இரண்டையும் ஒரேசமயத்தில் இழுத்துச் சரிபார்த்தது. கோதண்டபாணிக்குக் கண்ணில் பெட்ரோல் வாடை பட்டுவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வண்டி பட்டறையிலிருந்து ராஜா மாதிரி கிளம்பிப் போனது. அடுத்த வாரம் மறுபடி நின்றது.

இந்த முறை குட்டியானை தேவைப்படவில்லை. நின்ற இடத்திலெல்லாம் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார், மூடி உதைத்தார், வண்டி கொஞ்ச தூரம் வந்தது. அப்படியே நின்று நின்று திண்டிவனம் வரை வந்து, சரியாகப் பட்டறைக்குள் நுழைந்ததும் உயிரை விட்டது. கால் ஊன்ற அவசியமே இல்லாமல் தேவா ஓடிவந்து பிடித்துக்கொண்டான். கார்புரேட்டரைக் கழற்றினான், கழுவினான், ஊதினான், பாட்டிலைத் தொங்கவிட்டுப் பார்த்தான். குறை ஒன்றும் இல்லை. அதற்குள் டீ வந்தது, குழந்தை வந்தது, ஒரு முறை கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும்கூட வந்தது. எல்லாமே வண்டியின் மேலேயே நடந்தது. சித்ரா அவருக்குப் பின்சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு வைத்தாள்.

அதற்கடுத்த வாரமும் நின்றது. அதற்கடுத்த வாரமும் நின்றது.

பாவம், தேவாதான் இளைத்துப்போனான். செஞ்சியிலிருந்து ஆள் தேடி வரும் மெக்கானிக், சொந்த மாமனார் வண்டியை ஓடவைக்க முடியாமல் நின்றான். மற்ற வண்டிக்காரர்கள் கேலி பேசினார்கள். கடைசியில் தன் கைக்காசில் புதுக் கார்புரேட்டர் ஒன்று வாங்கிப் பூட்டினான். அந்த வார வெள்ளிக்கிழமை கோதண்டபாணி வழக்கம்போல் வண்டியைத் துடைத்து, பொட்டு வைத்து, சுற்றிக் கும்பிட்டார். திங்கட்கிழமை வண்டி பட்டறைக்குள் வந்து நின்றது.

தேவா ஸ்பேனரைக் கீழே வைத்தான். வண்டிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என் கைக்கு இது வரல சார். என்னால உங்களுக்கு ஒரே பேஜாரு. இத எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு உங்களுக்குப் பேட்டரி வண்டி ஒண்ணு எடுத்துத் தர்றேன். சித்ராவும் நானும் பேசிட்டோம். நாளைக்கே வந்துடும்."

கோதண்டபாணி டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். "அதுல கார்புரேட்டரு எங்க இருக்கும்?"

"கார்புரேட்டரே கெடையாது சார். பெட்ரோலும் கெடையாது. வருஷக்கணக்குல நீங்க பட்டறைப் பக்கமே வர வேணாம்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. குழந்தை அவர் மடியில் சாய்ந்து, டேங்க் மேலே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு இப்போது ஒரு சொல் வந்திருந்தது. 'தா' என்பது. தாத்தாவா, தண்ணியா, டீ டம்ளரைத் தா என்பதா என்று யாருக்கும் தெரியாது. கோதண்டபாணிக்கு மட்டும் தெரியும்.

"பழகின வண்டிய எப்பிடி வுடறது," என்றார். "இன்னும் ரெண்டு தரம் கழட்டிப் பாரேன், மெக்கானிக்கு. பிசின் எங்கனா ஒளிஞ்சிக்கினு இருக்கும்."

"ஒளியறதுக்கு அதுல எடமே இல்ல சார்," என்றான் தேவா. அவனுக்கும் அழுகை வரும்போல இருந்தது. சித்ரா கதவுநிலையில் நின்று, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் பங்கு நடராசன் உள்ளே நுழைந்தான். மொபெட்டின் மேல் தலையணையோடு வீற்றிருந்தவரைக் கண்டதும், "இன்னா பெரியப்பா, நம்ம பங்கு பக்கமே வர்றதில்ல?" என்று சிரித்தான். கோதண்டபாணி தோளில் கிடந்த துண்டை எடுத்து மெதுவாக டேங்க் மூடியின் மேல் போட்டார். குழந்தை அதைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டது.

வண்டிக்கு என்ன என்று நடராசன் விசாரித்தான். தேவா முழுக் கதையையும் சொன்னான். கேட்டுக்கொண்டே நடராசன் குனிந்து, டேங்க் மூடியை விரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினான். உலர்ந்த சந்தனம் பொட்டாகவே பெயர்ந்து வந்தது.

"அய்ய, இதுக்கா புதுக் கார்புரேட்டர் போட்டே? மூடியில காத்து போற ஓட்டைய சந்தனம் அடைச்சிக்கினா பெட்ரோல் எறங்காது தேவா. போன ஆயுத பூஜைக்கு என் வண்டி இப்பிடித்தான் நின்னுக்கினே இருந்துச்சு, அப்ப இத எனக்குக் காட்டிக் குடுத்ததே உன் மாமனாருதான்."